கேத்திலின் உட்புறம்

பீல் நகரத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்.
யூரா மலை கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து
எங்கள் குசினிக் குழாய்வரை வருகிறது.
மூன்று வருடமாய்க் கொதித்துக் கொதித்து
அது கேத்திலின் அடியில்
திரும்பவும் மலையாகிக்கொண்டிருந்தது.
நான் பார்த்ததில்லை.
தேத்தண்ணிதான் குடித்தேன்.

பழைய சாமான் கடையில் இருபத்தைந்து பிராங்குக்கு
மக்ரோ லென்ஸ் ஒன்று. விளிம்பில் கீறல்.
பூவெல்லாம் அழகாய் வரும் என்றாள் விற்றவள்.
அது பெப்ரவரி. பூ இல்லை.
வெங்காயம் இருந்தது.

கிட்டப் போனேன். இன்னும் கிட்ட.
முதலில் மணம் போயிற்று, பிறகு பெயர்.
செம்பு நிறக் கோடுகள் மட்டும்
ஒன்றையொன்று தொடாமல்
ஒரே திசைக்குப் போய்க்கொண்டிருந்தன.
எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எதையும்
அதன் அளவில் விட்டுவைக்கவில்லை.
தேங்காய் துருவியின் ஒரு பல்.
பஸ் டிக்கெட் கிழிந்த ஓரத்தின் பஞ்சு.
கடைசியில் கேத்திலைத் திறந்தேன்.

வெள்ளைத் தட்டுகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி.
இடுக்கில் தேன் நிறத் துரு.
குமிழி ஒன்று உடைந்த இடத்தில்
வட்டமாய் ஒரு கரை.
அந்தக் கரையில் ஒருவரும் இறங்கியதில்லை.

கிட்டப் போகப் போகக் கூர்மை
ஒரு மயிரிழைக்குள் ஒடுங்கிவிடும்.
முன்னால் புகை, பின்னால் புகை.
மூச்சு விட்டால் படம் கலையும்.
எங்கள் வீடோ தண்டவாளத்துக்குப் பக்கம்:
ரயில் போனால் மேசை நடுங்கும்,
மேசையில் கேத்தில் நடுங்கும்,
உள்ளே நான் பார்த்து நிற்கும் தேசம்
சத்தமில்லாமல் இடிந்து விழும்.
ஆகவே, இரவெல்லாம் பேக்கரியில் தட்டுக் கழுவிவிட்டு வந்து,
நொய்ஷத்தேல் ரயிலுக்கும் சோலோத்தூர்ன் ரயிலுக்கும் நடுவில்
ஆறு நிமிடம்
மூச்சைப் பிடித்தபடி நின்றேன்.

"வினாகிரி விட்டுக் கொதிக்க வைச்சால் போற ஊத்தை,
அதைப் போய்ப் படம் எடுக்கிறியள்"
என்றாள் சுகிர்தா.

எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு குடும்பம், ஒரு சலவையறை.
எங்கள் முறை ஒன்றுவிட்ட செவ்வாய்.
ஞாயிறில் உடுப்புத் தோய்க்காதீர் என்ற அறிவித்தலுக்குப் பக்கத்தில்
படத்தைக் குத்தி வைத்தேன். பெயர் போடவில்லை.

அடுத்த முறை போனபோது கீழே பென்சிலில்:
அலெட்ச் பனியாறு, விமானத்திலிருந்து?
வேறு கையெழுத்து, பிரெஞ்சில்:
இல்லை, உப்புப் பாலைவனம்.
மூன்றாம் மாடி ஏஷ்லிமன்
மணிக்கூட்டு முகப்புகளோடு நாற்பது வருடம் இருந்தவர்,
பேனாவால், அழுத்தி:
எனாமல். சூளை சரியில்லை.
ஒரு பிள்ளை: பாண்.
யாரோ தோல் வைத்தியர் ஒருவரின்
தொலைபேசி இலக்கத்தை எழுதியிருந்தார்,
உண்மையான அக்கறையோடு.

மேலே வந்து கேத்திலை ஒளித்து வைத்தேன்.
சட்டியில் தண்ணீர் சுட்டது.

சனிக்கிழமை விருந்தாளிகள்.
அலுமாரிக்குப் பின்னாலிருந்து அவள் அதை எடுத்துவிட்டாள்.
வீடெல்லாம் ஊறுகாய் வாடை.
பனியாறும் பாலைவனமும் பாணும்
இருபது நிமிடம் நுரைத்து
கழுநீர்க் குழிக்குள் இறங்கின.
எட்டிப் பார்த்தேன்.
பளபளத்த அடியில் என் முகம்,
நீண்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல்.

செவ்வாயன்று உடுப்புக் கூடையோடு போனவள்
வழமையை விடத் தாமதமாய் வந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
காயப்போட நான் இறங்கியபோது பார்த்தேன்:
எல்லா ஊகங்களுக்கும் கீழே, நீல மையில்,
அவளுடைய வட்டமான எழுத்தில்
கேத்தில்.
அந்தக் கட்டிடத்தில் அதை வாசிக்க
இரண்டு பேர்தான் உண்டு.

கிழமை கழித்துப் படிக்கட்டில் ஏஷ்லிமன் மறித்தார்.
அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டவர்
உங்கள் நாட்டுக்காரரா?
ஓம்.
எப்படி உச்சரிப்பது?
சொன்னேன்.
இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார்,
ஒரு எழுத்தும் பிசகாமல்.
நல்ல கண், என்றார், அந்த மனிதருக்கு.
கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்கினார்.

நான் மேலே போய்த் தண்ணீர் வைத்தேன்.